நாலில் ஒருவர் வறுமையில், ஆனாலும் பிரெஞ்சுக்காரரை விட வசதி: பர்மியர் பற்றிய இந்தக் கணக்கு எங்கே இடறுகிறது?

கேள்வி இது: அமெரிக்காவில் வாழும் பர்மிய வம்சாவளியினரையும் பிரான்சிலிருந்து குடியேறியவர்களையும் ஒப்பிடும் ஓர் அட்டவணையில், பர்மியரின் குடும்ப வருமானமே அதிகம் என்று இருக்கிறது. வேறோர் இடத்தில், பர்மியரில் நாலில் ஒருவர் வறுமைக்கோட்டுக்குக் கீழே என்று இருக்கிறது. இரண்டும் எப்படி உண்மையாக இருக்க முடியும்?

இருக்க முடியாது. நாலில் ஒருவர் என்பதையே நம்புங்கள். அது ப்யூ ஆய்வு மையம் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் தரவிலிருந்து எடுத்துத் தந்தது, 2019-ஆம் ஆண்டு நிலவரம். பர்மியக் குடும்பங்களின் இடைநிலை வருமானம் (எல்லாக் குடும்பங்களையும் வருமானப்படி வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பதன் வருமானம்) ஆண்டுக்கு 44,400 டாலர். ஆசிய வம்சாவளிக் குடும்பங்கள் அனைத்துக்கும் சேர்த்துப் பார்த்தால் 85,800 டாலர். வறுமை விகிதம் பர்மியரிடையே 25%, ஆசியர் மொத்தத்தில் 10%. ஐந்து வயதுக்கு மேற்பட்ட பர்மியரில் ஆங்கிலம் நன்றாகப் பேசுவோர் 38% மட்டுமே. பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் வாழ்பவர்களோ வருமானத்திலும் பட்டப்படிப்பிலும் அமெரிக்க சராசரிக்கு மேலே இருப்பவர்கள். ஆக, நேரடியாகக் குடும்பங்களைக் கேட்டு எடுத்த கணக்கில் பிரெஞ்சுக்காரர்கள்தான் முன்னால். சந்தேகமே வேண்டாம்.

அப்படியென்றால் அந்த அட்டவணை தலைகீழாக வந்தது எப்படி? அந்த மாதிரி ஒப்பீடுகள் பலவும் குடும்பங்களின் வருமானத்தை எடுப்பதே இல்லை. ஒவ்வொரு கவுண்டியிலும் (நம் மாவட்டம் போன்ற பிரிவு) பர்மியர் எத்தனை சதவீதம் என்று ஒரு பக்கம், அந்தக் கவுண்டியின் மொத்த இடைநிலை வருமானம் என்று மறுபக்கம் வைத்து, நடுவே ஒரு கோடு போடுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில், டேலி சிட்டி போன்ற ஊர்களில், பர்மியர் கணிசமாக இருக்கிறார்கள். பக்கத்திலேயே சாந்தா கிளாரா கவுண்டி; அங்கே இடைநிலைக் குடும்ப வருமானம் 1,20,000 டாலரைத் தாண்டியது. அது மென்பொருள் பொறியாளர்களின் சம்பளம். அந்தப் பகுதியின் மக்கள்தொகையில் சிறு துளியாக இருக்கும் பர்மியர் கணக்கிலும் அதுவே ஏறிவிடுகிறது. பங்களாத் தெருவில் காவலுக்கு இருக்கும் வாட்ச்மேனின் பேரில் அந்தத் தெருவின் சராசரி வருமானத்தை எழுதுவது போலத்தான். அட்டவணையின் அடியில் பொடி எழுத்தில் ‘தொடர்புக் கெழு’ (இரண்டு எண்கள் எந்த அளவுக்குச் சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்ற அளவு) என்ற சொல் இருந்தால், அதைக் குடும்ப வருமானமாகப் படிக்காதீர்கள்.

இனி, ஒப்பிடப்படும் இரு கூட்டமும் யார் என்று பார்ப்போம். பாதித் தவறு இங்கேதான் நடக்கிறது.

‘பிரெஞ்சு’ என்ற சொல்லுக்கு அமெரிக்கக் கணக்கில் இரண்டு பொருள் உண்டு. ஒன்று, வம்சாவளி. மதச் சுதந்திரம் தந்த நான்டெஸ் அரசாணை 1685-இல் ரத்தானபின் ஓடிவந்த ஹியூகனோக்களின் (பிரெஞ்சுப் புராட்டஸ்டன்டுகள்) பரம்பரை, 1755 முதல் இன்றைய கனடாவின் கிழக்குக் கரையில் இருந்த அகேடியாவிலிருந்து துரத்தப்பட்டு லூசியானாவில் ஒதுங்கிய கேஜன் மக்கள் என்று பல லட்சம் பேர். இவர்களில் பெரும்பாலோர் பிரான்ஸ் மண்ணை மிதித்ததே இல்லை. மற்றது, பிரான்சில் பிறந்து வந்தவர்கள். இது இரண்டு லட்சத்தைத் தொடாத சின்னக் கூட்டம். லூசியானாவின் கேஜன் மீனவரையும் மன்ஹாட்டன் வங்கியாளரையும் ஒரே வரியில் போட்டால் வருவது யாருடைய வருமானமும் அல்ல.

‘பர்மியர்’ இன்னும் சிக்கல். பர்மாவிலிருந்து அகதியாக வந்தவர்களில் பெரும்பகுதி கரேன், சின், கரென்னி, கச்சின், ரோஹிங்கியா மக்கள். பர்மிய ராணுவத்திடமிருந்து தப்பி வந்தவர்களிடம் ‘நீங்கள் பர்மியரா?’ என்று கேட்டால் பலர் இல்லை என்றே சொல்வார்கள். படிவத்தில் ‘கரேன்’ என்று எழுதுவார்கள். அது எந்தத் தலைப்பின் கீழ் சேர்கிறது என்பது தொகுப்புக்குத் தொகுப்பு மாறலாம், எனவே பார்த்தே தீர வேண்டும். சரி, பிறந்த நாட்டை வைத்து எண்ணலாம் என்றால் வேறொரு ஓட்டை. தாய்லாந்து எல்லையில் ஒன்பது அகதி முகாம்கள் பல பத்தாண்டுகளாக இருக்கின்றன. மே லா முகாமில் பிறந்து பத்து வயதில் மினசோட்டாவின் செயின்ட் பாலுக்கு வந்த கரேன் பிள்ளை, கணக்கில் ‘தாய்லாந்தில் பிறந்தவர்’.

நம்மவர்களும் இந்தச் சல்லடையில் மாட்டுவார்கள். ரங்கூனில் பிறந்து, 1964 தேசியமயத்துக்குப்பின் கிளம்பி, எப்படியோ அமெரிக்கா சேர்ந்த தமிழர், பிறந்த நாட்டுக் கணக்கில் பர்மாக்காரர். இனக் கணக்கில் இந்தியர். பாரிசில் பிறந்து நியூ ஜெர்சிக்கு வேலைக்குப் போன ஈழத் தமிழ்ப் பெண், பிறந்த நாட்டுக் கணக்கில் பிரான்ஸ் குடியேறி.

அடையாளம் இப்படிக் குழம்பிக் கிடந்தாலும், இடைவெளி நிஜம். அது எதனால் வந்தது? பலரும் உடனே ‘கலாச்சாரம்’ என்பார்கள். வாசல்தான் காரணம் என்பது என் கருத்து. யாரை எந்த வாசல் வழியாக உள்ளே விட்டார்கள் என்று பார்த்தாலே பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

பர்மியருக்கு இரண்டு வாசல்கள் திறந்தன, நாற்பது ஆண்டு இடைவெளியில். 1962-இல் ராணுவத் தளபதி நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். கடைகளும் தொழில்களும் அரசுடைமையாயின. 1967-இல் ரங்கூனில் சீனருக்கு எதிரான கலவரம். அதே சமயம் 1965-இல் அமெரிக்கா குடியேற்றச் சட்டத்தை மாற்றிப் படித்தவர்களுக்கு வழிவிட்டது. அப்போது போனவர்கள் டாக்டர்கள், பொறியாளர்கள், சீன-பர்மிய வணிகர்கள். கலிபோர்னியாவிலும் நியூயார்க்கிலும் தங்கினார்கள். இன்று அவர்களில் இருப்போர் முதியவர்கள், பலருக்கு வீடு சொந்தம். ராணுவ ஆட்சிக்கு எதிரான 1988 எழுச்சிக்குப்பின் மாணவர்கள் கொஞ்சம் பேர். பெரிய அலை 2005-க்குப் பிறகு, முகாம்களிலிருந்து மொத்தமாக மறுகுடியமர்த்தியபோது வந்தது. 2015 நிதியாண்டில் மட்டும் 18,000-க்கு மேற்பட்ட பர்மிய அகதிகள் அமெரிக்காவில் இறங்கினார்கள். முகாமில் இருந்தவரை அவர்களுக்கு வெளியே வேலை செய்யச் சட்ட அனுமதி கிடையாது. முப்பத்தைந்து வயது ஆள் முதல் சம்பளச் சீட்டை அமெரிக்காவில்தான் பார்க்கிறார்.

கையில் என்ன கொடுத்து இறக்கினார்கள்? வரவேற்பு மானியம் 2010-இல் ஆளுக்கு 900 டாலரிலிருந்து 1,800 ஆனது. அதிலும் ஒரு பங்கு உதவி நிறுவனத்தின் செலவுக்குப் போய்விடும். அந்தத் திட்டத்தின் காலம் 30 முதல் 90 நாள். விமான டிக்கெட் இலவசமல்ல. வட்டியில்லாக் கடன், ஆறாம் மாதத்திலிருந்து தவணை. ஆளுக்கு 1,000 டாலர் என்று வைத்தாலும் ஐந்து பேர் குடும்பம் 5,000 டாலர் கடனோடு வாழ்க்கையைத் தொடங்குகிறது. இந்தத் தவணையை ஒழுங்காகக் கட்டினால் அதுவே கடன் வரலாற்றின் முதல் வரியாக அமையும் என்பது ஒரே ஆறுதல். விட்டால் வசூல் நிறுவனத்துக்குப் போய், பின்னால் வீட்டுக் கடன் கேட்கும்போது உதைக்கும்.

பிரெஞ்சுக்காரரின் வாசல் வேறு. படித்த பணியாளருக்கான எச்-1பி விசா, நிறுவன இடமாற்றத்துக்கான எல்-1, முதலீட்டாளருக்கான இ-2. கடைசியது ஒப்பந்த நாடுகளின் குடிமக்களுக்கு மட்டும்: பிரான்ஸ் பட்டியலில் உண்டு, பர்மா இல்லை. அதனால் லியோன் நகரத்து ரொட்டிக்காரர் தன் சேமிப்பை முதலீடு செய்து மயாமியில் பேக்கரி திறக்க விசா கேட்கலாம். யாங்கோன் டீக்கடைக்காரருக்கு அந்த விசாவே கிடையாது. நிறுவனம் அனுப்பி வைத்தவருக்கு இன்னொரு சலுகை: 1988 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள சமூகப் பாதுகாப்பு ஒப்பந்தப்படி ஐந்து ஆண்டு வரை பிரான்சின் ஓய்வூதியக் கணக்கிலேயே தொடரலாம், அமெரிக்கப் பிடித்தமான 7.65% அவருக்கு இல்லை. பிரான்சில் அரசுப் பல்கலைக்கழகக் கட்டணம் ஆண்டுக்குச் சில நூறு யூரோ என்பதால் படிப்புக் கடன் சுமையும் பெரும்பாலும் இல்லை.

இதில் யாரும் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். எச்-1பி அல்லது எல்-1 விசாவில் இருப்பவருக்கு வேலை போனால் 60 நாள் அவகாசம். அதற்குள் வேறு வழி பார்க்காவிட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். திரும்பியவர் அமெரிக்கக் கணக்கெடுப்பில் இல்லை. அதாவது, தோற்றுப்போன பிரெஞ்சுக்காரர் அட்டவணையிலிருந்தே மறைந்துவிடுகிறார். நின்றவர்களின் வருமானம் மட்டுமே எண்ணப்படுகிறது. வேலையிழந்த கரேன் அகதிக்குத் திரும்ப ஊர் ஏது? அவர் அங்கேயே, வறுமைக்கோட்டுக்குக் கீழே, எண்ணப்படுகிறார். முடியாதவர்களையெல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தேர்ச்சி விகிதம் பேசும் பள்ளிக்கூடத்துக்கும் யாரையும் அனுப்பாத பள்ளிக்கூடத்துக்கும் உள்ள வித்தியாசம் இது.

இனி உள்ளே வந்தபின் நடப்பது. 2006 டிசம்பர் 12 அன்று அமெரிக்கக் குடியேற்றத் துறை ஒரே நாளில் ஆறு இறைச்சி ஆலைகளில் சோதனை நடத்திச் சுமார் 1,300 தொழிலாளரைப் பிடித்தது. ஆவணம் சரியாக உள்ள ஆள் வேண்டும் என்ற நெருக்கடி ஆலைகளுக்கு வந்தது. அகதிக்கு இறங்கிய நாளிலிருந்தே வேலை உரிமை உண்டு. அதனால்தான் அயோவாவின் வாட்டர்லூ, கொலம்பஸ் ஜங்ஷன், தெற்கு டகோட்டாவின் ஹூரான் போன்ற, நாம் கேள்விப்பட்டே இராத ஊர்களில் கரேன், சின் குடும்பங்கள் குடியேறின. ஹூரானில் வான்கோழி ஆலை. பெரிய அமெரிக்க நகரங்களில் முதலில் இறக்கப்பட்டவர்கள், வாடகை குறைவு, ஆங்கிலம் கேட்காத வேலை என்று ஒருவர் சொல்லி ஒருவராக அங்கே நகர்ந்தார்கள்.

ஒரு குடும்பத்தின் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். எண்கள் விளக்கத்துக்காக வைத்துக்கொள்வது. கணவனுக்கு மணிக்கு 12 டாலர், வாரம் 40 மணி, ஆண்டுக்கு 2,080 மணி: 24,960 டாலர். 2019-இல் இரு பெரியவர், இரு பிள்ளைகள் கொண்ட குடும்பத்துக்கு வறுமைக்கோடு 25,926 டாலர். முழுநேரமும் கத்தி பிடித்து நின்றும் 966 டாலர் குறைகிறது. மனைவியும் அதே வேலைக்குப் போனால் 49,920; ஒரே தாவலில் கோட்டுக்கு வெகு மேலே. ஆக இந்தக் குடும்பத்தைப் பொறுத்தவரை ‘வறுமை’ என்பது பிள்ளையை யார் பார்ப்பது என்ற கேள்வியே. கணவன் பகல் ஷிப்ட், மனைவி மாலை ஷிப்ட். ஷிப்ட் மாறும் நேரத்தில் குழந்தையைக் கைமாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். கைக்குழந்தை காய்ச்சலில் விழுந்தால், ஒரே காரும் பழுதானால், மணிக்கட்டு நரம்பு இறுகி ஒருவர் கத்தி பிடிக்க முடியாமல் போனால், அந்த ஆண்டு அந்தக் குடும்பம் மறுபடி கோட்டுக்குக் கீழே.

குடும்ப வருமானத்தை அப்படியே ஒப்பிடக் கூடாது என்பதற்கும் இதுவே காரணம். 80,000 டாலர் ஈட்டும் இரண்டு வீடுகளை எடுங்கள். ஒன்றில் தம்பதி இருவர், சம்பாதிப்பவர் ஒருவர். இன்னொன்றில் ஐந்து பேர், சம்பாதிப்பவர் மூவர். வழக்கமான முறை, வருமானத்தை ஆள் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பது. முதல் வீட்டுக்கு 1.414-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 56,570, இரண்டாவதற்கு 2.236-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 35,780. ஒரே வருமானம், ஆனால் முதல் வீட்டின் வாழ்க்கைத் தரம் இரண்டாவதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: எச்-1பி-காரரின் துணைக்குப் பெரும்பாலும் வேலை அனுமதி கிடையாது, எனவே சில பிரெஞ்சு வீடுகளில் பட்டம் இரண்டு, சம்பளம் ஒன்று. நியூயார்க்கில் பிரெஞ்சுப் பள்ளிக் கட்டணமே பிள்ளைக்கு ஆண்டுக்கு 40,000 டாலரைத் தாண்டும். அமெரிக்காவின் வறுமைக்கோடு நாடு முழுவதற்கும் ஒன்றுதான். மன்ஹாட்டன் வாடகையும் ஹூரான் வாடகையும் அதற்கு ஒன்றே. வாடகையைக் கணக்கில் எடுக்கும் துணை வறுமை அளவீடு 2011 முதல் வெளியாகிறது. ஊர் ஊராகப் பிரிந்து கிடக்கும் கூட்டங்களை ஒப்பிட அதுவே பொருத்தம்.

சொத்து விஷயத்தில் பர்மியரின் படம் வருமானத்தைவிட நன்றாக இருக்கிறது, குறிப்பாக இண்டியானாபோலிசின் தெற்கே பெர்ரி டவுன்ஷிப்பில் குவிந்திருக்கும் சின் மக்களிடம். வழி எளிது: அரசு காப்பீடு பெற்ற எஃப்.எச்.ஏ. கடனுக்கு, கடன் மதிப்பெண் 580 இருந்தால் 3.5% முன்பணம் போதும். 1,50,000 டாலர் வீட்டுக்கு 5,250 டாலர். ஒரே வீட்டில் அண்ணன், தம்பி, வளர்ந்த மகள் என்று மூன்று சம்பளம் சேர்ந்தால் கைக்கெட்டும் தொகை. இடறும் இடம் வருமானச் சான்று. வங்கி பொதுவாக இரண்டு ஆண்டு வேலை வரலாறு கேட்கும். ஆலை ஆலையாக மாறியவரும், ரொக்கமாகச் சம்பளம் வாங்கியவரும் இங்கே நின்றுவிடுவார்கள். பிரெஞ்சுக்காரரிலோ, விசா எப்போது முடியுமோ என்று வாடகையிலேயே இருப்பவர் ஏராளம். அதனால் வீட்டுரிமை விகிதத்தை மட்டும் வைத்து யார் வசதி என்று தீர்ப்புச் சொன்னால் அது பிசகும்.

முதியோர் பக்கம் பர்மியருக்குப் பலவீனம் அதிகம். வேலை வரலாறு இல்லாத 65 வயதுக்கு மேற்பட்ட அகதிக்கு எஸ்.எஸ்.ஐ. என்ற மாத உதவி உண்டு, ஆனால் ஏழு ஆண்டு மட்டும்; அதற்குள் குடியுரிமை பெற வேண்டும். ஐந்தாம் ஆண்டில்தான் விண்ணப்பிக்க முடியும், தேர்வு ஆங்கிலத்தில். தாய்மொழியில் தேர்வு கொடுக்கும் சலுகை நிரந்தர வசிப்புரிமை (கிரீன் கார்டு) பெற்று 15 அல்லது 20 ஆண்டு ஆன முதியோருக்கே. நினைவாற்றல் குறைபாடு போன்ற மருத்துவக் காரணத்துக்குத் தேர்விலிருந்து விலக்குக் கேட்க என்-648 (N-648) படிவம் இருக்கிறது. ‘வயதாகிவிட்டது, படிக்கத் தெரியாது’ என்று மட்டும் டாக்டர் எழுதினால் திருப்பி அனுப்புவார்கள், குறிப்பிட்ட குறைபாடும் அது கற்பதை எப்படித் தடுக்கிறது என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். பிரெஞ்சுப் பக்கத்து முதியோரில் இரண்டாம் உலகப் போருக்குப்பின் அமெரிக்கச் சிப்பாய்களை மணந்து வந்த பெண்களும் உண்டு. இன்று மிஞ்சியிருப்போர் சிலரே.

நீங்களே தரவை இறக்கிப் பார்ப்பதாக இருந்தால், கணக்கெடுப்புத் தரவை ஆய்வாளர்களுக்குத் தரும் ஐப்யூம்ஸ் (IPUMS) தளத்தில் அமெரிக்கச் சமூக ஆய்வின் ஐந்தாண்டுத் தொகுப்பை எடுங்கள். ஓராண்டுத் தொகுப்பில் இந்த இரு கூட்டமும் சிறியவை, பிழை எல்லை பெரிதாகிவிடும். பிறந்த நாட்டுக்குப் பொதுக் குறியீட்டை நம்பாதீர்கள்: அதில் 521 என்பது இந்தியா, அதற்குள்ளேயே பாகிஸ்தான், இலங்கை, பர்மா எல்லாம் அடங்கும். விரிவான குறியீட்டில் 52130 என்பதே பர்மா. இதைத் தவறவிட்டால் பர்மியர் என்ற பேரில் இந்தியரின் வருமானம் வந்து நிற்கும். குடும்ப வருமானப் புலத்தில் 9999999 என்பது ‘பொருந்தாது’ என்பதற்கான குறி, அதை நீக்காவிட்டால் விடுதியில் இருக்கும் மாணவரெல்லாம் கோடீஸ்வரர். குடும்பத்தை எண்ணும்போது குடும்ப எடையையும் (ஒரு பதிவு எத்தனை குடும்பங்களுக்குச் சமம் என்ற எண்), ஆளை எண்ணும்போது ஆள் எடையையும் போடுங்கள். பிறகு 25 முதல் 64 வயது வரை உள்ளவர்களை மட்டும் எடுத்து, வந்த ஆண்டை வைத்துப் பிரியுங்கள்: பர்மியரை 1990-க்கு முன், 2005-க்குப் பின் என்று. முகாமில் பிறந்தவர்களைப் பிடிக்க, தாய்லாந்தில் பிறந்து வீட்டில் கரேன் பேசுவோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இரு இடைநிலைகளின் பிழை எல்லைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். வித்தியாசம் அதைவிடச் சிறிதாக இருந்தால் வித்தியாசம் என்று சொல்லாதீர்கள். 3,000-மும் 4,000-மும் என்றால் எல்லை 5,000 டாலர்.

எந்தத் தொகுப்பிலும் அகப்படாத ஒரு செலவும் பர்மியர் பக்கம் இருக்கிறது. 2021 பிப்ரவரி ராணுவப் புரட்சிக்குப்பின் சியாட் நாணயம் சரிந்தது. அரசு விகிதம் டாலருக்கு 2,100 என்று நிறுத்தி வைக்கப்பட, வெளிச்சந்தை அதைவிட வெகு தூரம் போய்விட்டது. வங்கி வழியே அனுப்பினால் ஒரு பங்கு கரையும் என்பதால் பணம் ‘ஹுண்டி’யில், அதாவது வங்கியைத் தொடாமல் தரகர் வழியே, போகிறது. நம் ஈழத்தவரும் சிங்கப்பூர்த் தமிழரும் உண்டியல் என்று சொல்வது இதைத்தான். 2024 பிப்ரவரியில் கட்டாய ராணுவச் சேவை அமலான பிறகு, தம்பியை எல்லை தாண்டி அனுப்பும் செலவும் அதே சம்பளச் சீட்டிலிருந்து போகிறது. கணக்கெடுப்பாளர் கேட்பது வருமானத்தை மட்டும். அதில் எவ்வளவு அமெரிக்காவில் தங்கியது என்று எந்தக் கட்டத்திலும் கேட்பதில்லை.